மூன்று பக்கம் தெரியாத வீடு

எண்பத்து நாலில், தமிழருக்கு எதிரான கலவரத்துக்கு மறு வருஷம், மாத்தளை டவுனில் கட்டடப் படம் வரையும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தேறினால் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை. தேறாவிட்டால் ரத்தோட்டை மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடை. கடைசி ஒப்படையாக, குடியிருக்கும் வீட்டை ஐசோமெட்ரிக்கில் வரையச் சொன்னார்கள்.

ஐசோமெட்ரிக் பிடிபட எனக்கு நாளாயிற்று. கண்ணுக்குத் தெரிகிறபடி வரையக்கூடாது. தூரம் போனாலும் கோடு சுருங்காது. நிமிர்ந்தது நிமிர்ந்தே நிற்கும், மற்றவை இரு பக்கமும் முப்பது பாகையில் சாயும். முன்பக்கம், பக்கச்சுவர், கூரை மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். பிடிபட்டதும் தீப்பெட்டி, பெஞ்சு, பிஸ்கட் டின் என்று கண்டதையெல்லாம் வரைந்து தள்ளினேன்.

வீடு என்றதும் மாட்டிக்கொண்டேன். எங்களுடையது தோட்டத்து இரட்டை லயத்தில், முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகளில், நடுக் காம்பரா; ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவர் இராமசாமி மாமாவுக்கும் சொந்தம், மறு பக்கம் புஷ்பவதி அக்காவுக்கும் சொந்தம். பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருமிக்கொண்டிருக்கும். எங்களுக்கென்று வெளியே தெரிவது கதவு உள்ள ஒரு பக்கம்தான். வேறு வழியில்லாமல் லயம் முழுவதையும் வரைந்தேன்.

வகுப்பு நடத்திய பொன்னையா சேர் அதை எலி வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கினார்.

"இது என்ன புள்ள, ரயிலா? ஒரு வீடுதானே கேட்டேன்."

வகுப்பே சிரித்தது. அக்கம்பக்கத்துக் காம்பராக்களை அழித்துவிட்டு எங்களுடையதை மட்டும் அளவெடுத்து வரைந்தேன். கதவைத் தவிர ஒரு துளை இல்லை. அதற்குள் ஆறு பேர் சமைத்து, இருமி, தூங்குகிறோம். பிறந்ததிலிருந்து உள்ளேயே கிடந்தவள், அதைத் தனியாக வெளியிலிருந்து பார்த்தது அன்றுதான். அப்படியே கொண்டுபோய் சேரிடம் நீட்டினேன்.

சேருக்குக் கோடுகள் பிடித்துவிட்டன.

"வேல சுத்தம். ஆனா இத வீடுன்னு போட்டா மேல உள்ளவங்க சிரிப்பாங்க. ஜன்னல்கூட இல்லையே. கீழ மாட்டுக்கொட்டகைன்னு எழுதிக் குடு, பாஸ் போடுறேன். இல்லாட்டி முடியாது."

அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அம்மா அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நான் தேற வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் ஆசை. எழுதிக் கொடுத்துவிடு என்பாள் என்று நினைத்து, படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சுண்ணாம்புக் கை படாமல் குனிந்து பார்த்தாள்.

"அப்படி எழுதாத, லூசியா. பொய்யின்னு கண்டுபிடிச்சிருவாங்க."

"எப்படிம்மா?"

"தொரை பங்களா மாட்டுக்கொட்டகைய நான் கூட்டியிருக்கேன். அதுக்கு நாலு பக்கமும் ஜன்னல் இருக்கு."

வீடு என்றே எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்றேன்.