அறுபத்து மூன்றாம் பக்கத்தில் கடல்

1954ஆம் வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம், செங்கல்பட்டில் அச்சான ஒரு நாவலின் அறுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து கடல் தண்ணீர் கசிந்தது. ஒரு பிரதியில் மட்டுமல்ல, எல்லாப் பிரதிகளிலும். எதிர்ப்பக்கம்கூட நனையவில்லை. தண்ணீர் உப்புக் கரித்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. புத்தகத்தின் விலை ஒன்றேகால் ரூபாய்.

எழுதியவர் அமானுல்லா. கடைத்தெருவில் டிரங்குப் பெட்டி செய்து விற்பவர். அவர் மனைவி ஷஹர்பானுவின் அண்ணன் நைனா முகம்மது, ஐந்து வருடங்களுக்கு முன்னால் சங்கு வாங்குவதற்காக மகாபலிபுரத்தில் ஒரு படகில் ஏறிப் போனார். படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. விசாரித்ததற்கு, "பாதி வழில எறங்கிட்டாரு" என்றார்கள் படகுக்காரர்கள். நடுக்கடலில் எங்கே இறங்கினார் என்று கேட்டால், இறக்கிவிடச் சொன்ன இடத்தில்தான் இறக்கிவிட்டோம் என்று கோபித்துக்கொண்டார்கள். உடல் கிடைக்காததால் ஷஹர்பானு அண்ணனுக்கு, இறந்தவர்களுக்கு ஓதும் பாத்திஹாவை ஓத விடவில்லை. நாற்பதாம் நாள் ஓத வந்த ஹஜ்ரத்துக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த வீட்டைப் பொறுத்தவரை நைனா முகம்மது வெளியே போயிருந்தார், அவ்வளவுதான். பெருநாளுக்கு அவருக்கும் கைலி எடுத்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவருக்கும் தட்டு வைத்தார்கள்.

அமானுல்லாவின் நாவல் ஒரு சங்கு வியாபாரியைப் பற்றியது. நைனா முகம்மதுவின் நடை, இருமல், இரண்டு சிட்டிகை மூக்குப்பொடி எல்லாம் அதில் அப்படியே இருந்தன. கையெழுத்துப் பிரதியில் வியாபாரி சங்கு வாங்கப் போய்க்கொண்டே இருந்தார். கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த அச்சாபீஸ் ஞானதாஸ் அதைப் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "கதைல ஒண்ணுமே ஆவலியே பாய். கல்யாணப் பத்திரிகைலகூட முகூர்த்தம்னு ஒண்ணு வருது. நடுவுல ஒரு சாவு வை. படிக்கிறவன் அழுதாத்தான் பொஸ்தகம் நிக்கும்" என்றார். அமானுல்லா கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு வியாபாரியைக் கடலில் மூழ்கடித்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. அச்சுக் கோத்தவர் அழுதுகொண்டே கோத்ததால் அந்தப் பக்கத்தில் மட்டும் பிழையே இல்லை.

முதல் பிரதியை ஷஹர்பானுதான் படித்தாள். அறுபத்து மூன்றாம் பக்கம் வந்ததும் மூடி வைத்தாள். "ஊரே சொல்லாதத நீங்க சொல்லிட்டீங்க. அதுவும் ஐந்நூறு காப்பி அடிச்சு" என்றாள். அன்று சாயங்காலம் கசிவு ஆரம்பித்தது. அன்றிலிருந்து வீட்டில் அமானுல்லாவுக்குச் சோறு வேளை தவறாமல் வந்தது, பேச்சு வரவில்லை.

ஜங்ஷன் பிளாட்பாரத்தில் புத்தகம் விற்ற வரதன், பக்கத்தில் அடுக்கியிருந்த வாரப் பத்திரிகைகள் ஊறிப்போனதால் நாவல்களைக் கூடையோடு தூக்கிக்கொண்டு அமானுல்லாவின் டிரங்குப் பெட்டிக் கடைக்கே வந்துவிட்டார். "இன்னா பாய், நான் பொஸ்தகம் விக்கிறனா, தண்ணிப் பந்தல் வச்சிகீறனா?" என்று கேட்டார். ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அட்டையில் ஒரு பெண் படம் போடச் சொன்னார்கள், அமானுல்லா போட்டார். பெரிய மனிதரிடம் முன்னுரை வாங்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் எழுதிய முன்னுரையை முன்னால் ஒட்டினார். முன்னுரை நன்றாகக் காய்ந்தே இருந்தது. புத்தகங்களை மகாபலிபுரத்துக்கு வண்டி கட்டிக் கொண்டுபோய், கருவாடு காயும் மணலில் விரித்துவைத்தும் பார்த்தார். கருவாடு காய்ந்தது. திரும்பி வரும்போது வண்டிக்குப் பின்னால் பூனைகள் வந்தன.

பக்கத்தைக் கிழித்துவிட்டு விற்கலாம் என்றார் ஞானதாஸ். அமானுல்லாவுக்கு மனசு வரவில்லை. புத்தகத்தில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான் என்று அவருக்கே தெரியும். இப்படி மார்கழி போயிற்று. ஒரு நாள் காலையில், சமையலறையில் எனாமல் பேசின் ஒன்றில் நாவல் திறந்து கிடப்பதையும், ஷஹர்பானு அந்தத் தண்ணீரில் கையை வைத்துப் பார்ப்பதையும் கண்டார். அவள் திரும்பாமலே பேசினாள்.

"தண்ணி இன்னும் வருதுன்னா ஆளு இன்னும் உள்ளதான் கீறாரு. வெளிய கொண்ணாங்க."

"கதை கெட்டுப்போவும் பானு."

"கெடட்டும்."

இரண்டாம் பதிப்பில் சாவு எடுக்கப்பட்டது. வியாபாரி நீந்திக் கரையேறுவதாக அமானுல்லா எழுதினார். சாவில்லாத புத்தகத்தை எவன் வாங்குவான் என்று ஞானதாஸ் முறைத்ததால், அவரைச் சமாதானப்படுத்த நீச்சலை ஒரு முழு அத்தியாயமாக நீட்டினார். அதில் சுறா வந்தது, புயல் வந்தது, பிறகு வெகு நேரம் நிலா காய்ந்தது. கசிவு நின்றது. அதற்குப் பதிலாக அறுபத்து மூன்றாம் பக்கத்து ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஈரக் கால்தடம் ஒன்று தென்பட்டது. மறுநாள் அது அறுபத்து ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. எந்தப் பிரதியைத் திறந்தாலும் அன்றைக்கு அதே பக்கத்தில்தான் இருந்தது.

புத்தகம் விற்க ஆரம்பித்தது அப்போதுதான். பட்டணம் போகும் ரயிலில் ஒருவரை ஒருவர், "எந்தப் பக்கம் வந்துகினு கீறாரு?" என்று விசாரித்துக்கொண்டார்கள். புயல் பக்கத்தில் கால்தடம் மூன்று நாள் நகராமல் நின்றபோது மதுராந்தகத்தில் நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. வரதன் வாரப் பத்திரிகைகளை ஓரம் கட்டிவிட்டு இதை மட்டும் விற்றார். ஷஹர்பானு தினமும் விளக்கு வைக்கும்போது ஒரு பக்கம் திறந்து பார்த்தாள், புருஷனிடம் அளவாகப் பேசினாள். பங்குனியில் கால்தடம் கடைசிப் பக்கத்தைக் கடந்தது. அட்டை மடிப்பில் கொஞ்சம் மணல் இருந்தது.

மறுநாள், திருக்கழுக்குன்றத்தில் மத்தியானம் மலைக்கோயில் கழுகுகள் சாப்பிட்டான பிறகு புறப்படும் மகாபலிபுரம் பஸ்ஸில் நைனா முகம்மது வந்து இறங்கினார். இடுப்புவரை ஈரம். கண்டக்டர் அவரை உட்கார விடவில்லையாம். வீட்டில் தட்டு ஏற்கெனவே வைத்திருந்தது.

"ஏண்ணே இவ்ளோ நேரம்?" என்றாள் ஷஹர்பானு, சோற்றைப் போட்டுக்கொண்டே.

அவர் வலது கையால் சாப்பிட்டார். இடது கை தோளிலிருந்து தொங்கிற்று, தூக்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, வாசற்படியில் நின்றிருந்த அமானுல்லாவைக் கூப்பிட்டார். "ஏன் மச்சான், நாலு வரில என்னக் கரை சேத்திருக்கலாம்ல? ஒரு அத்தியாயம் முச்சூடும் நீந்த வுட்டியே! அதுல நிலா வேற. தோளு கயண்டு போறப்ப நிலாவ எவன்யா பாத்தான்?"

"ஞானதாசு நீட்டச் சொன்னாரு மச்சான்."

"அவர நீந்தச் சொல்லு."

மூன்றாம் பதிப்பில் அந்த அத்தியாயம் நாலு வரியாகச் சுருங்கியது. அச்சேறிய அன்று மத்தியானம் நைனா முகம்மது இடது கையைத் தூக்கிச் சட்டையைக் கொடியில் போட்டார். அதற்குப் பிறகு புத்தகம் எழுதுகிறவர்கள் காஞ்சிபுரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் யோசனை கேட்டுப் பெட்டிக் கடைக்கு வந்தார்கள். அமானுல்லா தகரம் தட்டுகிற வேலையை நிறுத்தாமல் மச்சானைக் கை காட்டுவார். நைனா முகம்மது கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு, "இதுல யாரு தண்ணில கீறாங்க?" என்று மட்டும் கேட்பார். அவருடைய கைலி கடைசிவரை முழுதாகக் காயவில்லை. அவர் உட்காரும் நாற்காலிக்குக் கீழே ஷஹர்பானு ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பிழிந்து வெயிலில் உலர்த்துவாள்.