வலிக்காத நெஞ்சு

என் தங்கச்சி புருஷன் எனக்குப் பதினோராயிரத்து அறுநூறு தர வேண்டியிருந்தது. தன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டுவதற்காக வாங்கியது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் மச்சானிடம் கடன்பட்டுவிட்டோமே என்று அவனுக்குள் ஒரு உறுத்தல். உடம்பு முடியாவிட்டாலும் ஒரு லாரிகூட விடமாட்டான்.

இருவரும் ஒரே கிடங்கில் சிமெண்ட் மூட்டை இறக்குகிறோம். அன்று வந்த முதல் லாரியில் பாதிகூட இறங்கவில்லை, அவன் மூட்டைகளின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தான்.

"என்ன மாப்ள, புதுப்பொண்ணு மாதிரி உக்காந்துட்ட?"

"மூச்சு வாங்குது மச்சான். வேற ஒண்ணும் இல்ல."

வருடக்கணக்காகச் சர்க்கரை வியாதிக்காரன். சுகர் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் கூட்டத்தில் அவனுக்கு வேர்த்தால் ஒரே வைத்தியம்தான், சர்க்கரையை அள்ளிப்போட்டு ஒரு டீ. வாங்கிக் கொடுத்தேன். குடித்தான். தெளியவில்லை. உதடு வெளுத்துக்கொண்டே போனது. மூட்டை தள்ளும் வண்டியிலேயே அவனை உட்காரவைத்துத் தெருமுனைக் கிளினிக்குக்குத் தள்ளினேன்.

"நான் என்ன சிமெண்டா?"

"சிமெண்டுன்னா வாயத் தொறக்காம வரும்."

நர்ஸம்மா விரலில் குத்திப் பார்த்தார். "இறங்கிடுச்சுன்னு யார் சொன்னது? முந்நூத்துக்கு மேல இருக்கு."

பிறகு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். காகிதத்தைப் பார்த்ததும் டாக்டரம்மா குரல் மாறிவிட்டது. ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார்.

"மாரடைப்பு. காலையிலேயே ஆரம்பிச்சிருக்கு. ஆம்புலன்ஸ் வருது, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தான். "நெஞ்சு வலிக்கவே இல்ல. வலிக்காத நெஞ்சுக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி? லாரி நிக்குது."

"ரொம்ப வருஷம் சுகர் இருந்தா ரத்தக்குழாயும் கெடும், நரம்பும் மரத்துப்போகும். சில பேருக்கு இதயம் அடைச்சாலும் வலி தெரியாதுங்க. அதான் பயமே."

அவன் வாசலைப் பார்த்து நடந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"போன மாசம் செருப்புல ஏறின ஆணி உன் கால்ல குத்திக்கிட்டே இருந்துச்சே. அதோடதான் நாள் முழுக்க மூட்டை தூக்கின. தங்கச்சி ரத்தத்தப் பாத்துச் சொல்லித்தானய்யா உனக்கே தெரிஞ்சுது?"

அவன் நின்றுவிட்டான்.

"அது கால் மச்சான்."

"நெஞ்சும் அந்த உடம்புலதான இருக்கு?"

கதவைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. "படுத்துட்டா உன் காச எப்படிக் குடுப்பேன்? கடன்காரனாவே சாகச் சொல்றியா?"

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இவன் அசையவில்லை. "நேரம் போகுதுங்க, ஏத்துங்க" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கெஞ்சினார். எப்படி ஏற்றுவது? அழுதால் கேட்கமாட்டான், அடித்தாலும் கேட்கமாட்டான். வீட்டில் தங்கச்சிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவளிடம் என்ன முகத்தோடு போய் நிற்பேன்?

"அந்தக் காசு எனக்கு வேணாம் மாப்ள. இவங்க ரெண்டு பேரும் சாட்சி. நீ எனக்கு ஒத்தக் காசு தர வேணாம்."

"எனக்கு இனாம் வேணாம்."

"இனாம் யாருய்யா குடுத்தா? பதிலுக்கு வண்டியில ஏறு. அதான் விலை."

மூச்சு வாங்க என்னையே பார்த்தான். "அப்புறம் பேச்சு மாற மாட்டியே?"

"மாறினா என்ன மனுஷனா மதிக்காத."

முழங்கால் மடங்கியது. தாங்கிப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினோம். கதவு சாத்துவதற்குள் நானும் ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. ஆக்சிஜன் முகமூடியை மூக்கில் வைக்க விடாமல் அதை விலக்கிக் கேட்டான்.

"அப்ப கணக்கு முடிஞ்சுது?"

"முடிஞ்சுது. நீ மூச்ச விடு."