பால் உறையாத தெரு

திருவொற்றியூர் உப்புக்கிடங்குச் சந்தில் 2022 ஆகஸ்ட் பதினோராம் தேதி வியாழக்கிழமை முதல் எதுவும் புளிக்கவில்லை, எதுவும் கெட்டுப்போகவும் இல்லை. வியாழக்கிழமை காய்ச்சிய பால் ஞாயிற்றுக்கிழமையும் பாலாகவே இருந்தது. அறுபத்தொரு வீடுகள் கொண்ட அந்தச் சந்தில் இதை முதலில் கண்டுபிடித்தவர் மாவு அரைத்து விற்கும் ரஹீமுன்னிசா. கணவர் போனதிலிருந்து பதினான்கு வருஷமாக அவர் வீட்டு கிரைண்டர் சாயங்காலம் நான்கு மணிக்கு ஓடத் தொடங்கும். காலையில் பார்த்தால் பக்கெட்டில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் மாவு அரைத்து ஊற்றிய மட்டத்திலேயே, சுண்ணாம்புக் கரைசல் மாதிரி அசையாமல் கிடந்தது. உளுந்து பழசு என்று நினைத்து உளுந்தை மாற்றினார். அரிசியை மாற்றினார். பக்கெட்டை மாற்றினார். கிரைண்டர் கல்லைக் கொத்திப் போட்டார். பத்து நாள் கழித்து மாவு விற்பதை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்.

எதிர் வாடையில் ஆசீர்வாதத்தின் மளிகைக் கடை. அவர் நாசரேத் பக்கத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்பு வந்தவர். கடையில் பிரிட்ஜ் வாங்கிப் பாக்கெட் மாவு வைத்த நாளிலிருந்து அவரும் ரஹீமுன்னிசாவும் பேசிக்கொள்வதில்லை. அதற்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பாக்கெட் மாவும் இப்போது பொங்கவில்லை. அதைப் பார்த்து ரஹீமுன்னிசாவுக்கு ஒருநாள் மட்டும் சந்தோஷமாக இருந்தது என்று அவரே பிறகு சொன்னார்.

உண்மையான சந்தோஷம் மீன்காரர் தேசப்பனுக்குத்தான். காசிமேட்டில் விடியும்போது எடுக்கும் மீனை மதியம் இரண்டு மணிக்குள் விற்றாக வேண்டும் என்ற பதற்றத்திலேயே நாற்பது வயதைத் தாண்டியவர் அவர். உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இப்போது திங்கட்கிழமை எடுத்த வஞ்சிரம் வெள்ளிக்கிழமையும் கண் சிவக்காமல், செவுள் வெளுக்காமல் கூடையில் கிடந்தது. தேசப்பன் ஐஸ் போடுவதை விட்டார். மதியம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று, ஒரு மணி நேரம் தூங்கவும் பழகினார். தூங்கி எழுந்து வாசலில் நின்று கொட்டாவி விடுவார். அவருக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று அதுவரை தெருவில் யாருக்கும் தெரியாது.

மற்றவர்களுக்கு மெல்ல மெல்லக் கஷ்டம் வந்தது. தின்றது கல் மாதிரி வயிற்றில் உட்கார்ந்தது. செப்டம்பரில் சாக்கடை ஓரம் செத்த பெருச்சாளி கிறிஸ்துமஸ் வரை தூங்குவதுபோல் கிடந்தது. வேப்பஞ்சருகு மட்காமல் முழங்கால் உயரம் சேர்ந்தது. வீட்டை மாற்றிக்கொண்டு போகலாம் என்று பார்த்தவர்களும் உண்டு, ஆனால் அது அவர்களோடு கூடவே போனது. உப்புக்கிடங்குச் சந்துக்காரர் விருந்துக்குப் போன வீட்டில் மறுநாள் தயிர் உறையாது. ஆசீர்வாதத்தின் மகள் மகிமா மைக்ரோபயாலஜி படித்துவிட்டுத் தனியார் ஆய்வகம் ஒன்றில் குடிநீர் சோதிக்கும் வேலையில் இருந்தாள். அவள் உள்ளே போனாலே எந்தச் சாம்பிளிலும் ஒன்றும் வளரவில்லை. சென்னை முழுக்க எல்லாத் தண்ணீரும் சுத்தம் என்று அறிக்கை வரத் தொடங்கியதும் அவளுக்கு லீவு கொடுத்து, பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மே மாதம் ரஹீமுன்னிசாவின் மகள் உமைமா அம்மா வீட்டில் பிள்ளை பெற்றாள். ஆண் குழந்தை. அத்னான் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை நன்றாகப் பால் குடித்தது. குடித்த பால் பாலாகவே வெளியே வந்தது. நாற்பதாம் நாள் அவனுடைய எடை பிறந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாச் சோதனையும் செய்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. உமைமா குழந்தையோடு புளியந்தோப்பில் புருஷன் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் பால் உறையவில்லை, கீழ்வீட்டில் இருந்த இன்னொரு கைக்குழந்தைக்கும் செரிமானம் நின்றது. மாமியார் நல்ல மனுஷி. பதினோரு நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்து, பன்னிரண்டாம் நாள் உமைமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உமைமா தானாகவே பையைக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறித் திரும்பி வந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் ரஹீமுன்னிசா தெருவைத் தாண்டி ஆசீர்வாதத்தின் கடை முன்னால் போய் நின்றார்.

"அண்ணாச்சி, உங்க பொண்ணு ஏதோ கண்ணாடில வெச்சிப் பாத்துகினு கீதாமே. என் பேரன் வயித்துக்கு இன்னா ஆச்சின்னு அதுல தெரியுமா?"

ஆசீர்வாதம் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த குரலைக் கேட்டதும் நூல் கையிலிருந்து நழுவியது. "உள்ள வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கிய," என்றார்.

மகிமா அதற்குள் எட்டு மாதமாக மாடியறையில் டம்ளர் டம்ளராகப் பால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருமிகள் செத்துப்போகவில்லை என்று அவள் கண்டிருந்தாள். எல்லாம் உயிரோடுதான் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தது. பாலைத் தயிராக்குவது ஒரு கிருமியால் முடிகிற காரியமில்லை. ஒன்று கடித்து உடைத்துப் போட்டதை இன்னொன்று தின்னும், இன்னொன்று கழித்துப் போட்டது முன்னதற்கு உணவாகும். இப்போது எதுவும் எதற்கும் எதையும் கொடுக்கவில்லை. டம்ளரில் அங்கங்கே இரண்டு மூன்று சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் போடுவதையும் அவள் பார்த்திருந்தாள். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று போகும், தரை அதிரும், டம்ளர் அதிரும், கூட்டம் கலைந்துவிடும். கொடுக்காமல் தின்கிற கிருமிகள் அந்தக் கலக்கலில் எல்லா இடத்துக்கும் பரவிவிடும். கொஞ்ச நேரம் அவை மட்டும் கொழுக்கும், பிறகு மொத்த டம்ளரும் பட்டினியில் அடங்கிவிடும்.

"ஆடாம இருந்தா பக்கத்துல யார் இருக்காங்கன்னு ஒண்ணுக்கொண்ணு தெரியும், ஆன்ட்டி. குடுத்தது குடுத்தவங்க பக்கத்துலயே சுத்தி வரும். ஆடிக்கிட்டே இருந்தா யார் குடுத்தா, யார் தின்னான்னு ஒண்ணும் தெரியாது. அப்புறம் எது குடுக்கும்?" என்றாள் மகிமா. கிருமிகளுக்கு இருபது நிமிஷம் ஒரு தலைமுறை என்றும், மூன்று நாள் அசையாமல் விட்டால் இருநூற்றுச் சொச்சம் தலைமுறை ஆகிவிடும், அதற்குள் கூட்டாளிகள் மறுபடி உண்டாகிவிடுவார்கள் என்றும் சொன்னாள். ஆனால் துறைமுகத்துக்கு நாலு நிமிஷத்துக்கு ஒரு லாரி போகிறது. ஒரு தலைமுறைக்குள் பூமி ஐந்து முறை ஆடுகிறது.

லாரியை நிறுத்த முடியாது. லாரி போகாத ஊருக்குப் போகலாமென்றால், போகிற ஊரிலும் இது தொற்றிவிடும். பாத்திரத்தைத் தலையணையில் வைத்துப் பார்த்தார்கள், மணலில் வைத்துப் பார்த்தார்கள், இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பமும் அதே தரையில்தான் நின்றது. வழியைக் கண்டவர் ரஹீமுன்னிசாதான், அதுவும் தற்செயலாக. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர்ப் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டும்போது ஒரு லாரி போனது. பேசினில் தண்ணீர் சலனமில்லாமல் நின்றது. அவர் நடுத்தெருவிலேயே நின்று அடுத்த லாரிக்குக் காத்திருந்து மறுபடி பார்த்தார். ஆட்டத்தையெல்லாம் முழங்காலும் இடுப்பும் கையும் வாங்கிக்கொண்டன, தண்ணீருக்கு ஒன்றும் போகவில்லை.

அப்படித்தான் ஆகஸ்ட் கடைசியில் உப்புக்கிடங்குச் சந்தின் நடுவே அறுபத்தொரு வீட்டுக்காரர்களும் ஒரு மீன்வலையை விரித்துப் பிடித்தார்கள். நாற்பது லிட்டர் பாலை அண்டாவில் ஊற்றினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முன்பு புளித்த எது மிச்சமிருந்ததோ அது அதில் ஒரு சொட்டு விழுந்தது: பிரிட்ஜ் மூலையில் மறந்துபோன மோர், பழைய சோற்று நீர், ஆசீர்வாதம் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயின், ரஹீமுன்னிசாவின் மாவுப் பக்கெட் இடுக்கில் காய்ந்திருந்த பொருக்கு. அண்டாவை வலையில் ஏற்றி, வலையின் ஓரக் கயிறுகளை ஒரு நேரத்துக்கு இருபத்துநாலு பேர் பிடித்து நின்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஆள் மாறும். வலை தேசப்பனின் மச்சானுடையது. கேட்டபோது இல்லை என்று சொல்லத் தேசப்பனுக்கு வாய் வரவில்லை. இது பலிக்கக் கூடாது என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்ததை அவரே பின்னாளில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பலித்தால் மறுபடி மத்தியானம் இரண்டு மணி வந்துவிடும்.

முதல் நாள் பால் பாலாக இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மகிமா கண்ணாடித் துண்டில் ஒரு துளி எடுத்துப் பார்த்துவிட்டு, கூட்டம் சேர்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் அண்டா லேசாக ஆடுகிறது என்றாள். அந்தப் பக்கம் பிடித்திருந்தவர் தேசப்பன். அவர் கயிற்றை விரலில் கோத்திருந்தாரே தவிர, எடையை வாங்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றவள் உமைமா. துப்பட்டாவால் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். வேண்டாமென்று எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை.

"அண்ணே, உங்க பக்கம் லூசா கீது," என்றாள் மெதுவாக.

"புட்ச்சிகினுதானம்மா கீறேன்," என்றார் தேசப்பன்.

உமைமா தன் கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி அவர் பக்கத்துக் கயிற்றையும் பிடித்தாள். அப்போது ஒரு லாரி போனது. அவள் கைகள் இரண்டும் வெளுத்து, முட்டி நடுங்கி, அதிர்வு தோள் வரை ஏறி இறங்கியதைத் தேசப்பன் பார்த்தார். நெஞ்சில் கிடந்த குழந்தை அழவில்லை. அழுகிற அளவுக்குக்கூட அதனிடம் தெம்பு இல்லை. அது கண்ணைத் திறந்து தேசப்பனைப் பார்த்தது. கருவாடு மாதிரி ஒட்டிய கன்னத்தில் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

அடுத்த லாரி வருவதற்குள் தேசப்பன் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினார். "வுடும்மா. நான் பாத்துக்கறேன்," என்றார். அவர் முறை முடிந்து ஆள் மாற வந்தபோது போகவில்லை. அடுத்த முறைக்கும் போகவில்லை. ஆசீர்வாதம் வந்து, "ஏ தேசப்பா, கை அறுந்துட்டுல்லா, கொஞ்சம் போய் உக்காரும்யா," என்று கெஞ்சினார். "வுடு அண்ணாச்சி, வலை எங்க வூட்டு வலை," என்றார் தேசப்பன். கடைசியில் ஆசீர்வாதம் ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்துப் புகட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு வாசனை வந்தது. ஒரு வருஷமாக அந்தத் தெருவில் யாரும் முகராத, லேசான, மூக்கின் உள்ளே கூசுகிற புளிப்பு வாசனை. இருபத்துநாலு பேரும் கயிற்றை விடாமல் முகத்தை மட்டும் அண்டா பக்கம் திருப்பினார்கள். ரஹீமுன்னிசா கரண்டியை விட்டார். கரண்டி நின்றது. அவர் முதல் கரண்டித் தயிரை மகளுக்கு ஊட்டினார். உமைமா விரல் நுனியில் ஒட்டியதைக் குழந்தையின் உதட்டில் தடவிவிட்டு, அங்கேயே தெருவோரம் உட்கார்ந்து பால் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அத்னான் முகத்தைச் சுளித்து, சிவந்து, துணியை மஞ்சளாக்கினான். ரஹீமுன்னிசா அந்தத் துணியைத் தூக்கிக் கொடி மாதிரி காட்டினார். ஆசீர்வாதம் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தார்.

ஒரு வருஷம் கெடாமல் சேர்ந்ததெல்லாம் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மொத்தமாக அழுகியது. சருகு மண்ணாயிற்று. தேசப்பனின் கூடையில் இருந்த நாற்பது கிலோ மீன் ஒரு மணி நேரத்தில் நாறிப்போனது. கட்டுப்போட்ட கையோடு அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டு, மறுநாள் விடியலில் காசிமேட்டுக்குப் போனார். தெரு பத்து நாள் நாறியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ரஹீமுன்னிசாவின் மாவு இப்போது ஆசீர்வாதத்தின் கடையிலும் கிடைக்கிறது.

அன்றைக்குத் தயிர் உறைந்ததும் வலையை இறக்குவதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றைத் தளர்த்தினார்கள். வலை இறங்கியது. அண்டா இறங்கவில்லை. நடுத்தெருவில், வலை இருந்த இடுப்பு உயரத்திலேயே அது நின்றது. இரண்டு பேர் அழுத்திப் பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. உறைக்கு ஒரு கரண்டி எடுப்பவர்கள் ஒரு டம்ளர் பால் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகிறார்கள். போன வருஷம் சாலை போட வந்தவர்கள் அதற்கு அடியிலும் ஒழுங்காகத் தார் போட்டுவிட்டு, இருட்டில் தெரிவதற்காக இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். அத்னான் பாலர் பள்ளிக்கு அதன் அடியில்தான் நடந்து போகிறான். இப்போதைக்கு அவன் குனிய வேண்டியதில்லை. அடுத்த வருஷம் குனிய வேண்டியிருக்கும்.