மாதிரியில் இருந்த சாவி

தகவல்களை ரகசியமாகப் பூட்டி அனுப்ப நான் எழுதிய மென்பொருள் கருவியை மற்ற புரோகிராமர்களால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்தார்கள். அறைக்குள் அவர்கள் வேலை செய்வார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நாளைக்குக் குவாண்டம் கணினி வந்து இன்றைய ரகசியப் பூட்டுகளையெல்லாம் திறந்துபோட்டாலும் என் பூட்டு அசையாது. பல வருட உழைப்பு. சோதனையில் தேறினால் அடுத்த வாரம் வெளியீடு.

உள்ளே வந்து உட்கார்ந்தவள் என் மச்சினி! மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள்.

“இவ எங்க வீட்டுப் பொண்ணு மேடம்,” என்றேன், சோதனை நடத்துபவரிடம்.

“யார் எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நீங்க கம்முனு இருங்க.”

அவளுக்குக் கொடுத்த வேலை, ஒரு நோயாளியின் அறிக்கையைப் பூட்டி அனுப்புவது. நான் மாங்கு மாங்கென்று எழுதிய விளக்கத்தைத் திறந்து, ஒரு வரியும் படிக்காமல் தள்ளிக்கொண்டே போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதிரி நிரலைக் கண்டதும் அப்படியே நகலெடுத்து ஓட்டினாள். திரையில் பச்சை.

“அப்பாடா! எழுதினவன் நல்ல மனுஷன். மத்ததெல்லாம் தலைய சுத்துது, இது ஒண்ணு உடனே வேலை செய்யுது.”

அந்த மாதிரியில் பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவியையும் நானே போட்டிருந்தேன், சும்மா காட்டுவதற்காக. விளக்கத்தைத் திறக்கிற எவனுக்கும் அது தெரியும். இதைத் திறக்கக் குவாண்டம் கணினி எதற்கு? சொந்தமாகச் சாவி உருவாக்கச் சொல்லும் எச்சரிக்கை நாலு பக்கம் தள்ளி இருந்தது.

“படிக்க வேணாமா மேடம்?”

“காலையில வந்தவங்களும் இதையேதான் செஞ்சாங்க. வெளியிடறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மச்சினி எனக்கு முன்பே வந்து தன் அக்காவிடம் அளந்துகொண்டிருந்தாள்.

“மாமா, இன்னைக்கு ஒரு கருவிய சோதிச்சேன். சூப்பர்! வெளிய வரட்டும், எங்க ஆஸ்பத்திரி வேலையில அப்படியே தூக்கிப் போட்டுடுவேன்.”

“போட்டுடாதம்மா. அத எழுதினது நான்தான்.” வெட்கமாக இருந்தது. சாவி விஷயத்தையும் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “அப்போ நான் தப்பா செஞ்சேனா மாமா?”

“இல்ல. நான் காட்டினதத்தான் நீ செஞ்ச.”

போனை எடுத்து, வெளியீட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன்.