தலைகீழ் குவாலியர்

அஜீசா ஒரு ஸ்டாம்பைப் பார்த்து "சரியில்லை" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடும் தபால்தலைச் சங்கத்தில் அது எழுதாத சட்டம். இரண்டும் ஒன்றே என்று நீங்களும் நானும் சத்தியம் செய்யக்கூடிய ஸ்டாம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் தாளுக்குள் நட்சத்திர நீர்க்குறி ஓடுது, அதில் ஓடலை, இதன் ஓரப் பல் பொடிசு, அதன் பல் பெரிசு என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போவார். போகிற போக்கில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெருமையையும் கொஞ்சம் உரித்துவிடுவார். துணிக்கடையும் பார்த்து, மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்த பெண்மணி. தயக்கம் என்பது அவர் வீட்டுத் தெருப் பக்கம்கூட வந்ததில்லை.

2006-இல் சென்னையில் ஒரு பெரிய கண்காட்சி வந்தது. தாம்பரம் சங்கத்துக்கு ஸ்டாம்புகளை மாட்டிக் காட்ட ஒரே ஒரு பிரேம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிரேமில் யாருடைய ஸ்டாம்புகள் போவது? போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒன்று அஜீசா. இன்னொன்று சுந்தரராமன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிழக்குத் தாம்பரம். இருவருமே சமஸ்தான ஸ்டாம்புகள் சேர்ப்பவர்கள். இருவரிடமும் மகுடம் ஒன்றேதான்: ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பழுப்பு நிற ஒரு அணா ஸ்டாம்பு, அதன் மேல் கறுப்பு மையில் குவாலியர் என்று சமஸ்தானத்தின் பெயரை ஆங்கிலத்தில் அச்சடித்தது. அச்சுக்காரன் தாளைத் திருப்பி வைத்துவிட்டதால் பெயர் தலைகீழாக விழுந்தது. அந்தப் பிசகுக்குத்தான் மதிப்பு.

இரண்டையும் ஒரே நாளில், சூட்கேசோடு வந்த ஒரே வெளியூர் வியாபாரியிடம் ஆளுக்கொன்றாக வாங்கியிருந்தார்கள். சுந்தரராமனுடையது தபாலில் போய் வந்து முத்திரை விழுந்தது. அஜீசாவுடையது முத்திரையே படாத புத்தம் புதுசு. இரண்டிலும் எல் எழுத்தின் கால் உடைந்திருக்கும். "ரெண்டும் ஒரே அச்சுல பொறந்த அக்கா தம்பி. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று அஜீசாவே பல தடவை சொல்லியிருக்கிறார். பெருநாளுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிரியாணிக்கு முன்னால் அந்த ஸ்டாம்பைக் காட்டாமல் விட்டதில்லை.

தேர்வு நாளன்று சங்கச் செயலாளர் ஜெரோம் இருவரின் ஆல்பங்களையும் மேஜையில் வைத்தான். பொத்தேரியில் ஒரு கல்லூரியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம்.

"அக்காவே பாத்து சொல்லட்டும். வேற யாரு கீறாங்க இங்க?" என்றான்.

போட்டியில் நிற்பவரே நீதிபதி. வேறு இடமாக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும். இங்கே சுந்தரராமனே தலையாட்டினார். "மேடம் பொய் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லி, அத்தனை வருஷம் பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே எடுக்காத ஸ்டாம்பை முதல் முறையாக எடுத்து நீட்டினார்.

அஜீசா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வழியாகப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். முத்திரையின் வட்டம் குவாலியர் எழுத்தைக் கடக்கிற இடத்தில் எழுத்தின் மை மேலே இருந்தது, வட்டம் அடியில் இருந்தது.

"சார், இது சரியில்லை" என்றார். "முத்திரை குத்தினப்புறம் குவாலியரை அடிச்சிருக்காங்க. லெட்டர் போய்ச் சேந்தப்புறம் ஸ்டாம்புக்குப் பேரு வச்சா எப்படி?"

ஜெரோம் பார்த்தான். சுந்தரராமனும் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர், அதனால் வாதாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"அப்ப உங்களுது, மேடம்?"

"என்னுதுக்கு என்ன?"

"அதுலயும் அதே கால் உடைஞ்ச எல்தானே. அக்கா தம்பின்னு நீங்கதானே சொன்னீங்க."

அஜீசா தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். ஆனால் வழி இல்லாமலும் இல்லை. அவருடையதில் முத்திரையே கிடையாது, எது மேலே எது கீழே என்று எந்த லென்ஸும் சொல்லாது.

ஜெரோமே அந்த வழியைத் திறந்துவிட்டான். "வுடுங்கக்கா. உங்களுதுல இன்னா ப்ரூப் கீது? பிரேம்ல உங்களுதையே அனுப்பிடலாம். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதுதான். அஜீசாவுக்கு ஆசையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். கண்காட்சியில் தன் பெயர், நடுவில் அந்தத் தலைகீழ் குவாலியர். ஆனால் யாருக்கும் தெரியாது என்றால் தனக்கும் தெரியாது. ஊரார் ஸ்டாம்புக்கெல்லாம் தீர்ப்பு சொல்லிவிட்டு, சொந்த பீரோவில் இருப்பது அசலா போலியா என்று தெரியாமல் மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும். அதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஜெரோம், லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் பாட்டிலை எடு."

"அக்கா, வேணாம்."

"பழைய அச்சு மைன்னா காஞ்சு தாளோட தாளா ஆயிருக்கும், ஸ்பிரிட்டுக்கு அசையாது. புது மைன்னா பஞ்சுல வந்துடும். எடு."

சுந்தரராமன் பதறி எழுந்தார். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம். கெட்டுப் போயிடும், விடுங்க."

"நீங்க பேச்சுக்குத்தான் கேட்டீங்க. எனக்குப் பதில் வேணும்."

தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, தன் ஸ்டாம்பில் கால் உடைந்த எல்லின் மேல் வைத்தார். ஒரு தடவை உருட்டி எடுத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. எல் இருந்த இடத்தில் ஜார்ஜ் ராஜாவின் தாடி மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

அஜீசாவின் கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவும் இல்லை. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டு, "ரெண்டும் போலி" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

சுந்தரராமன் தன் ஸ்டாம்பை எடுத்துச் சட்டைப் பையில் போடப் போனார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"கிழிச்சுப் போடப் போறேன். வேற என்ன செய்றது?"

"கிழிக்கிறதா? நல்லா இருக்கே. உங்களுதுல முத்திரை காட்டிக் குடுத்துச்சு, என்னுதுல மை காட்டிக் குடுத்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு எழுதி, நம்ம பிரேம்ல அதையே அனுப்புவோம். அந்த சூட்கேஸ்காரன் இன்னும் எத்தனை பேர் தலையில கட்டியிருக்கானோ."

"நம்ம பேரைப் போட்டா? மெட்ராஸே சிரிக்கும் மேடம்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்கல்லாம் வீட்டுக்குப் போய்த் தன்னுதை எடுத்துப் பாப்பாங்க இல்ல?"

சுந்தரராமன் தன் குவாலியரைக் கொண்டுவந்து அஜீசாவுடையதன் பக்கத்தில் வைத்தார். ஜெரோம் பேனாவைத் திறந்து, யார் பெயரை முதலில் எழுதுவது என்று கேட்டான்.

"என் பேரு" என்றார் அஜீசா. "சார் சும்மா வாங்கினவரு. அசல்னு சாட்சி சொன்னது நான்."