வெளியே போகாத வாசனை

பச்சையம்மாள் ரவிக்கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மடிக்காமலேயே தையல் மெஷின் மேல் போட்டாள்.

“துணியில பெயிண்ட் நாத்தம் அடிக்குது லட்சுமி. நாளைக்கி எம் பொண்ணப் பாக்க வராங்க. இத்தப் போட்டுக்கினு எப்பிடி நிப்பா?”

“தோச்சி, காய வெச்சிக் குடுத்துடறேங்க்கா.”

“போன தபாவும் இதான சொன்ன.”

வெட்டாமல் இருந்த இரண்டு துணிகளையும் பச்சையம்மாள் எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆதிலட்சுமிக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அந்த மாதத்தில் இப்படித் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிற நான்காவது ஆள் அவள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமிக்குக் காது மடல்கள் கொதித்தன. உள்ளே விசிறி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

தேரடித் தெருவுக்குப் பின்னாலிருந்த சந்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தையல் மெஷின், மீதி இடமெல்லாம் அவள் புருஷன் சகாதேவனுக்கு. பதினொரு வருஷம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படங்களுக்கு ஏர்பிரஷ் வேலை பார்த்தவன், எண்பத்து மூன்று தை மாதத்தில் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அதன் பிறகு தகரத் தட்டுகளில் ஊர்க் கோயில் மலையின் படத்தை அடித்து, செங்கம் ரோட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தான். ஏர்பிரஷைப் பேனாவைப் போலப் பிடித்துக்கொண்டு விரலால் லேசாக அமுக்கினால் சாயம் புகைபோல் இறங்கும். மலை உச்சியில் மேகம் கலைகிற இடத்தை அவனைப்போல் அடிக்க ஊரில் ஆளில்லை. அதை அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆவணியில் வீட்டுச் சொந்தக்காரி காசியம்மாளின் மகள் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தை பிறந்த பத்தாம் நாள், சகாதேவன் முகம் சிவந்து உள்ளே வந்தான்.

“ஜன்னலத் தொறந்தா வீட்டக் காலி பண்ணணுமாம். பொட்டு வாசன அந்தப் பக்கம் வரக் கூடாதாம். எங்கிட்டயே சொல்றா! இனிமே அவ மூஞ்சில நீ முழிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அது. காசியம்மாளின் முற்றத்தைப் பார்த்துத் திறப்பது. அன்றைக்கே அதன் குறுக்கே மூன்று பலகைகள் வைத்து ஆணி அடித்தான். இடுக்குகளில் பெயிண்டர்கள் பூசுகிற பட்டி மாவைக் குழைத்துப் பூசினான். பிறகு சாயப் புகையைப் பிடித்து நிறுத்த ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தான்.

நான்கு நாள் அவனுக்குச் சோறு தண்ணி நினைவில்லை. தேயிலைப் பெட்டிகளின் பலகைகளை அறுத்து, முன்பக்கம் திறந்த ஒரு கூண்டு செய்தான். பின்பக்கம் வட்டமாக ஓட்டை போட்டு, பழைய டேபிள் ஃபேனைப் பொருத்தினான். விசிறிக்கு முன்னால் கொசுவலை, அதற்கு முன்னால் நான்கு மடிப்புக் கதர்த்துணி, அதற்கும் முன்னால் நனைத்த கோணி. அடியில் ஒரு தட்டில் தண்ணீர். பலகையைப் பிடித்துக்கொண்டதும் கோணியைத் தைத்துக் கொடுத்ததும் ஆதிலட்சுமிதான். வேலை முடிந்ததும் அவளுடைய வெள்ளைப் பாவாடையைப் பெட்டிக்குப் பின்னால் பிடிக்கச் சொல்லிவிட்டு, முன்னாலிருந்து சிவப்பு அடித்தான். ஐந்து நிமிஷம். பாவாடை வெள்ளையாகவே இருந்தது.

“பாத்தியா? ஒரு புள்ளி இருக்குதா? வெளியில விடாமலே சுத்தம் பண்ணிட்டேன். மெட்ராஸ்ல கூட இப்பிடி ஒண்ணு கெடையாது.”

அவளும் சிரித்தாள். அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சாயம்தான் நின்றது. சாயத்தைக் கரைக்கிற தின்னரின் நெடி நிற்கவில்லை. விசிறி அதைக் கதர் வழியாக இழுத்து, பின்னால் மெஷினில் குனிந்திருக்கிறவளின் பிடரியில் ஊதியது. அவன் மூக்கிலும் வாயிலும் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். “எனக்கு?” என்று ஒருநாள் கேட்டாள். “நீ பின்னால தான இருக்கற” என்றான். தீப்பிடிக்கும் என்பதால் அவன் அடிக்கிற நேரத்தில் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது. சோறு அவன் கை ஓய்ந்த பிறகுதான். அந்தச் சோற்றிலும் அதே நெடி. குழாயடியில் காசியம்மாளைப் பார்த்தால் ஆதிலட்சுமி குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். இரண்டு மாதமாக அவளுடைய ஆத்திரமெல்லாம் காசியம்மாள் மேல்தான் இருந்தது.

பச்சையம்மாள் போன பிறகு வேறு ஒருத்தியின் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். கண் முன்னால் தையல் இரண்டாகத் தெரிந்தது. தலையை உதறிக்கொண்டு மிதித்தாள். ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தில் இறங்கி அடியில் வந்தது.

சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை மேலே எடுத்தாள். பெட்டிக்கு முன்னாலிருந்து, “நூல் அறுந்துச்சா?” என்று கேட்டான் சகாதேவன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நேராகக் காசியம்மாள் வீட்டுக்குப் போனாள்.

காசியம்மாள் முற்றத்தில் குழந்தைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“உம் பேரக் கொழந்த மூச்சு வுடணும். நான் வுட வேணாமா? ஜன்னல அடைக்கச் சொல்லி எங்கள உசுரோட பொதச்சிட்ட. நல்லா இரு.”

காசியம்மாள் ஈரத்துணியோடு திரும்பினாள். “யாரு அடைக்கச் சொன்னது?”

“நீதான். காலி பண்ணச் சொன்னியாமே.”

“அடிப்பாவி! காலையில கொழந்தைய இங்க வெய்யில்ல போடறோம், அந்த ஒரு மணி நேரம் மட்டும் அடிக்காதீங்கன்னு கேட்டேன். ‘என் தொழிலுக்கு நீ டைம் சொல்றியா’ன்னு குதிச்சிட்டு அவருதான் போனாரு. மறுநாளு பாத்தா பலக அடிச்சிருக்குது. நீயும் மூஞ்சி குடுக்கல. நான் இன்னான்னு நெனைக்கிறது?” அவள் பார்வை கீழே இறங்கியது. “விரல்ல இன்னா ரத்தம்?”

ஆதிலட்சுமி திரும்பி வந்தாள்.

சகாதேவன் பெட்டிக்குள் தகரத்தைச் சாய்த்துவைத்து, மலை உச்சிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய சுத்தியலை எடுத்து, அதன் பிளவுபட்ட முனையை முதல் பலகைக்கு அடியில் செருகினாள்.

“ஏய், இன்னா பண்ற?”

“ஒரு மணி நேரம். ஒரு மணி நேரந்தான் கேட்டா அவ.”

அவன் துண்டை முகத்திலிருந்து கீழே இழுத்தான். வாயைச் சுற்றித் துண்டு இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. “அது… அவ கேட்ட விதம் உனக்குத் தெரியாது.”

“விதம்! அங்க மொதலாளி கேட்ட விதம் புடிக்கல, வேலைய வுட்ட. இங்க இவ கேட்ட விதம் புடிக்கல, என்னய உள்ள வெச்சி ஆணி அடிச்சிட்ட.” பன்னிரண்டு வருஷத்தில் அவனை நீ என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது கேட்டது. “பொய் சொல்லி என்னயே பலகையப் புடிக்க வெச்சியே!”

முதல் பலகை கீழே விழுந்தது. காய்ந்த பட்டி தூளாகப் பறந்தது.

“லட்சுமி, பெயிண்ட் ஈரமா இருக்குது. தூசி படியுது பாரு.”

“படியட்டும்.”

இரண்டாவது பலகை அவ்வளவு லேசில் வரவில்லை. சுற்றியிருந்த துணி நழுவி, விரல் மறுபடியும் கசிந்து சுத்தியல் பிடி வழுக்கியது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் நெம்பினாள். பலகை பிளந்துகொண்டு வந்தது. முற்றத்து வெயில் உள்ளே பாய்ந்து, அறையில் அத்தனை நாளாக மிதந்துகொண்டிருந்ததையெல்லாம் காட்டியது. அந்தப் பக்கம் காசியம்மாளின் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போவது தெரிந்தது.

மூன்றாவது பலகையில் ஓர் ஆணி கழன்றது. இன்னொன்று கழலவில்லை. பலகை அந்த ஒற்றை ஆணியில் சரிந்து தொங்கி, சுவரில் இடித்து இடித்து ஆடியது. சகாதேவன் எழுந்து வந்து, எட்டி அதன் முனையைப் பிடித்தான். நிறுத்துவதற்கா, பிடுங்குவதற்கா என்று அவன் கையைப் பார்த்துத் தெரியவில்லை. ஆதிலட்சுமி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்த விசிறிக்கு முன்னால், வெள்ளை உச்சிமேல் பட்டித் தூள் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.