பதினேழாம் எண்

குழு அறையில் நாற்பது நாற்காலிகள். வந்தவர்கள் அறுபது பேர், எல்லாரும் ஒரே பழங்குடி ஊர்க்காரர்கள். அந்தப் பழங்குடி மக்களைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும், அச்சுக்குப் போகும் முன் அதை அவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் வெளியே போகும். ஊர் நர்ஸ் ஐந்து வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி வாங்கிய விதி அது. அவளும் அந்த மக்களில் ஒருத்திதான், ஆராய்ச்சிகளைக் கேட்டு ஒப்புதல் தரும் குழுவின் தலைவியும்கூட.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாக்டரம்மா பிரசவங்களைப் பற்றிய அறிக்கையை வாசித்தார். நல்ல மனுஷி, கணீர்க் குரல். யார் பெயரும் கிடையாது, எல்லாம் எண்தான்.

"பதினேழாம் எண். வயது ஐம்பத்திரண்டு. முதல் குழந்தை பிறக்கும்போதே இறந்தது. மருத்துவமனைக்குப் போகவில்லை."

அறுபது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. இருப்பதே தொண்ணூறு வீடு. அங்கே எண்ணைப் போட்டு ஆளை மறைப்பதெல்லாம் மெத்தப் படித்தவர்களுக்குத்தான் தோன்றும்.

ஜன்னலோரம் இருந்த நர்ஸின் சித்தி எழுந்தாள்.

"நான் போனேனே. வலியோட ரெண்டு தடவை போனேன். இன்னும் நேரம் இருக்குன்னு ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. வழியிலதான் பொறந்துச்சு. அழவே இல்ல."

இந்த ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்ப் படிவத்தை நிரப்பியது நர்ஸின் கைதான். சித்தி அன்றும் இதையேதான் சொன்னாள். இவள்தான் பாதியிலேயே அவசரப்பட்டு 'போகவில்லை' என்று டிக் அடித்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் பழி டாக்டரம்மாவோடு போய்விடும். ஒத்துக்கொண்டால் இனி இந்தக் குழுவை யார் நம்புவார்கள்?

"தப்பு என்னோடது," என்றாள். "படிவத்துல ரெண்டே கட்டம், போனார், போகவில்லைன்னு. திருப்பி அனுப்பினதை எழுத இடமே இல்ல. நான் அன்னைக்கே இன்னொரு கட்டம் கேட்டிருக்கணும், கேக்கல. இன்னும் எத்தனை வீட்டுக்கு இப்படிப் போட்டேனோ."

"இந்த ஒரு வரியைத் திருத்திடலாம்," என்றார் டாக்டரம்மா. "பத்து நாள்ல அச்சுக்குக் குடுக்கணும்."

"ஒரு வரி இல்ல டாக்டர். நாங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டோம்னுதானே உங்க முடிவு சொல்லுது? மூணாவது கட்டம் போடணும். எல்லா வீட்லயும் மறுபடி கேக்கணும். நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் இது இந்த அறையை விட்டுப் போகாது."

டாக்டரம்மா அறிக்கையை மூடி அவளிடமே கொடுத்தார். அந்த விதியில் அவரும் கையெழுத்துப் போட்டவர்தான்.

"ஆனா கேள்வி கேக்க வேற ஆளைப் போடுங்க," என்றாள் நர்ஸ், கூட்டத்தைப் பார்த்து. "நான் எந்த முகத்தோட மறுபடி வர்றது?"

"நீயே வா," என்றாள் சித்தி. "முதல்ல என் வீட்டுக்கு வா. இந்தத் தடவை நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனாவைத் தொடாதே."